பொடக்காலிக்கு ஒரு மிஷின்

ஐப்பசி மழை நின்ற பத்தாம் நாள்
பொடக்காலியில் துவைக்கிற கல்லைக் காணோம்.
பார்த்தீனியம் இடுப்பளவு,
அதனடியில் கோரை, அதனடியில் என்னவோ.
குழாயோரம் கிடந்தது ஒரு சட்டை:
பாம்பு முழுசாகக் கழற்றிப் போட்டது,
ஒரு தையல் பிரியவில்லை.
பத்தொன்பது வருசமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் எனக்கு.
பாஸ் பண்ணியிருப்பேன் அதை.

ஆளுக்குச் சொன்னால் அடுத்த வாரம் என்கிறார்கள்.
மருந்தடிச்சிருங்க என்றார் பக்கத்து சைட் கிட்டுச்சாமி.
அவர் போன வேசகாலம் அடித்த மருந்தில்தான்
வேலியோரத்து என்ற எலுமிச்சை
காய் பிடிக்கிற சமயத்தில், நின்றபடியே செத்தது.
அப்போதிருந்து பேச்சு குறைவு;
பேசினால் 'ங்க' மட்டும் குறையாது, இரண்டு பக்கமும்.

மிஷின் வாங்கோணும் என்றேன்.
கொழுந்தன் போனை நீட்டினார்: அறுபத்து மூணு சிசி, பாதி விலை,
படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே வெட்டினான்.

தாராபுரம் ரோட்டுக் கடையில்
தலைகீழாய்த் தொங்கின: சிவப்பு, பச்சை, மஞ்சள்.
பையன் ஒப்பித்தான். டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக்,
பேட்டரின்னா சத்தமே இல்லீங்க,
நைலான் நூல் ஒரு சுருள் இலவசம்.
நூல் என்றதும் கை தானாக நீண்டது.
இழுத்தேன், நகத்தால் கீறினேன், முறுக்கிப் பார்த்தேன்.
"அக்கா, இது புல்லு வெட்டறதுக்குங்க."
"தெரியுமுங்க தம்பி. கெட்டுப் போச்சுன்னா யாரு பாப்பாங்க?"
அது அவன் நோட்டீஸில் இல்லை.

எதிர்ச் சந்தில் அனிபாவின் பட்டறை.
பிரித்துப் போட்ட மிஷின்கள் குவியலாய்.
எண்ணினேன், பழக்க தோசம்:
சிவப்பு பதினேழு, பச்சை மூன்று,
மஞ்சள் ஒன்றுகூட இல்லை.
"அப்ப மஞ்சள்தான் நல்லதுங்களா?"
கார்புரேட்டரை ஊதிக்கொண்டே சிரித்தார்.
"மஞ்சளுக்கு பார்ட்ஸே வராதுங்க.
நின்னுதுன்னா நேரா பழைய இரும்புதான்.
சிவப்பு வரும், போகும், மறுக்கா வரும்.
இங்க கெடக்கறது பூரா பொழைக்கப் போறதுங்க."

ரிஜெக்ட் மூட்டையைப் பார்த்தே தரம் சொன்னவள்
சித்த நேரம் பேசாமல் நின்றேன்.

சிவப்பு. ஆனால் ஆறிக் கிடக்கிற மிஷினைத்தான் இழுப்பேன் என்றேன்.
முதல் இழுப்பு இருமல். இரண்டாவதும்.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
என் வலது தோளுக்கு மூன்று தாங்கும், நாலு தாங்காது.
கணக்கு அவ்வளவுதான், சிசியெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை.
கண்ணாடி, பூட்ஸ், கம்பெனியில் கழித்த முழுக்கைச் சட்டை.
சுழலும்போது நூல் கண்ணுக்குத் தெரிவதில்லை,
புல் விழுவதுதான் தெரிகிறது.
பச்சை வாசமும் ஆயில் புகையும் நாக்கில் கசந்தன.
துவைக்கிற கல் வந்தது. காணாமல் போன வாளி வந்தது.
வேலிக்குப் பக்கத்தில் டங்கென்றது. நூல் அறுந்தது.

குனிந்து தழையை விலக்கினேன்.
அளவுக்கல்.
பாசியடியில் நம்பர் இன்னும் இருக்கிறது.
கல்லைத் தாண்டி, ஆனால் என் வேலிக்குள்ளே,
எலுமிச்சையின் பட்ட கட்டை.

டேப் எடுத்து வந்தேன்,
வேலை நேரமெல்லாம் என் கழுத்தில் தொங்குகிற டேப்.
இரண்டு தடவை அளந்தேன்.
ஒன்றரை அடி.

மொட்டை மாடியில் கிட்டுச்சாமி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.
"மிஷின் எப்படீங்க?"
"மூணாவது இழுப்புல பிடிக்குதுங்க."
புது நூலைச் சுற்றினேன், மெதுவாகவே சுற்றினேன்.
"உங்ககிட்ட கடப்பாரை இருக்குதுங்களா?"
"இருக்குதுங்க," என்றார் நுரையோடு. "எதுக்குங்க?"

சத்தத்தில் மறையட்டுமென்று மிஷினை இழுத்தேன்.
ஒன்று.
இரண்டு.
சூடேறிய மிஷின், மூன்றாவதிலும் பிடிக்கவில்லை.
அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு
கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.
நாலாவதுக்குத் தோள் தாங்காது.